கறுத்த காசைத் தேய்க்காதீர்கள்: புறூஃப் நாணயத்தின் நிறமும் அதன் மதிப்பும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அலுமாரியிலோ பிஸ்கட் தகரத்திலோ பழைய காசு வைத்திருக்கும் குடும்பங்கள் மட்டுமாவது ஆறுதலாக இருந்து கடைசி வரை வாசியுங்கள்.

2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கள் பகுதியில் ஒரு விசயத்தைக் கவனிக்கிறேன். நகை அடகுக்குப் போன வீடுகளில் அடுத்ததாக மூத்தவர்கள் விட்டுப்போன வெள்ளிக் காசுகள் வெளியே வருகின்றன. புதுக்கடையிலிருந்து செட்டியார் தெரு நடந்து போகும் தூரம்தான். போவதற்கு முதல் நாள் ராத்திரி வீட்டில் ஒரு வேலை நடக்கும். கறுத்துப்போன காசைப் புளி போட்டோ, பற்பசை போட்டோ, பித்தளை துலக்கும் மருந்து போட்டோ பளபளவென்று தேய்த்து எடுப்பார்கள். "அழுக்கோட கொண்டு போனா விலையைக் குறைச்சிருவாங்க" என்று ஒரு பயம்.

வெள்ளியாக நிறுத்து விற்பதற்கென்றால் தேய்ப்பதால் பெரிய நட்டமில்லை. ஆனால் அது சேகரிப்பாளர்கள் தேடும் நாணயமாக இருந்தால், அதிலும் 'புறூஃப்' வகையாக இருந்தால், பல வருடங்களாகக் காப்பாற்றி வந்த பெறுமதி அந்த ஒரு ராத்திரியில் போய்விடும். பிறகு எந்தக் கடைக்காரரும் எந்த நிபுணரும் அதைத் திருப்பித் தர முடியாது. ஏன் அப்படி என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன்.

முதலில், புறூஃப் என்றால் என்ன?

புத்தம் புதிதாக மினுங்கும் காசெல்லாம் புறூஃப் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழையான எண்ணம். புறூஃப் என்பது காசின் நிலையைக் குறிக்கும் சொல் அல்ல, அது செய்யப்பட்ட முறையைக் குறிக்கும் சொல். சாதாரணக் காசை இயந்திரம் ஒரே அடியில் அச்சடித்துத் தொட்டியில் தள்ளிவிடும். புறூஃப் காசுக்கு அச்சையும் மினுக்குவார்கள், அச்சடிக்கப் போகும் வெற்று வில்லையையும் மினுக்குவார்கள். ஒரு தடவைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைப்பார்கள். அதனால் காசின் வெறுந்தளம் முகம் பார்க்கும் கண்ணாடி போல இருக்கும். எழுத்துகளின் ஓரம் கத்தி முனை போலக் கூர்மையாக நிற்கும். பிந்திய காலத்துப் புறூஃப்களில் உருவங்கள் மட்டும் வெண்பனி படர்ந்தது போல மங்கலாகவும், சுற்றியுள்ள தளம் கறுப்புக் கண்ணாடி போலவும் தெரியும். அந்த வேறுபாட்டுக்குச் சேகரிப்பாளர்கள் 'கமியோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் புறூஃப் விற்பனைக்காகச் செய்யப்படவில்லை. புதிய அச்சு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கவும், மன்னருக்கும் அதிகாரிகளுக்கும் மாதிரியாகக் காட்டவும் சிலவற்றை மட்டும் கவனமாக அடித்தார்கள். சேகரிப்பாளர்களுக்கென்று பெட்டியில் வைத்து விற்கும் வழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

எங்கள் நாட்டுக்கும் இதில் ஒரு வரலாறு இருக்கிறது. புதுக்கடையின் ஆங்கிலப் பெயரான ஹல்ஸ்டொர்ப், 1656 இல் கொழும்பு முற்றுகையின்போது இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்ட்டின் பெயரிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் போன பிறகும் ஊருக்கு அந்தப் பெயர் நின்றது. அதே மாதிரி அவர்களுடைய காசுப் பெயரும் நின்றது. ஆங்கிலேயர் வந்த பிறகும் இங்கே கணக்கு 'றிக்ஸ் டொலர்' என்ற பெயரில்தான் ஓடியது. 1821 இல் நான்காம் ஜோர்ஜ் மன்னரின் தலையும் மறுபுறம் யானையுமாக ஒரு வெள்ளி றிக்ஸ் டொலர் வந்தது. அதில் புறூஃப் பிரதிகளும் உண்டு. பிறகு ரூபா, சதக் கணக்கு வந்தது. அதற்காக 1870 என்று வருடமிட்ட செப்புக் காசுகள் அடிக்கப்பட்டன. 1872 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் அந்தக் கணக்கு நடைமுறைக்கு வந்தது. 1892 இலிருந்து 10, 25, 50 சத வெள்ளிக் காசுகள். அவற்றில் முதலில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி இருந்தது. 1919 இல் அது 550 பங்காக இறங்கியது.

எங்கள் வீடுகளில் இன்றும் கிடைக்கக்கூடியவை இதற்குப் பிறகு வந்தவை. 1957 இல் புத்த ஜயந்தி 2500 ஆவது ஆண்டுக்காக வெளியிட்ட வெள்ளி 5 ரூபா நாணயம் அதில் முக்கியமானது. எடை 28.28 கிராம். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. அதாவது ஒரு காசுக்குள் சுமார் 26 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. லண்டன் றோயல் மின்ட்டில் 5 லட்சம் அடித்தார்கள். அவற்றில் பெரும் தொகை பிற்பாடு திரும்பிப் போய் உருக்கப்பட்டது. புறூஃப் முறையில் அடித்தவை 1,800 மட்டும்தான் என்று நாணயப் பட்டியல் நூல்கள் சொல்கின்றன. அடுத்தது 1971 புறூஃப் தொகுதி. 1 சதம் முதல் 1 ரூபா வரை ஏழு காசுகள். 1972 இல் குடியரசாகிப் பெயர் மாறுவதற்கு முன் 'சிலோன்' என்ற பெயர் தாங்கிய தொகுதி அது. 20,000 தொகுதிகள் அடிக்கப்பட்டன. பிறகு 1998 இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு மத்திய வங்கி வெளியிட்ட 1000 ரூபா வெள்ளி நாணயமும் 5000 ரூபா தங்க நாணயமும்.

இப்போது நிறத்துக்கு வருவோம்.

வெள்ளி ஏன் கறுக்கிறது? ஓ.எல். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்வார்கள். காற்றில் மிகச் சிறிய அளவில் ஐதரசன் சல்பைட்டு வாயு இருக்கிறது. வெள்ளி அதனோடு சேர்ந்து வெள்ளி சல்பைட்டு என்ற மென்படலமாக மாறுகிறது. வாகனப் புகை, முட்டை, வெங்காயம், றப்பர் பட்டி, மலிவான கடதாசி, கம்பளித் துணி எல்லாம் கந்தகத்தைக் கொடுப்பவை. கொழும்பின் ஈரக் காற்றில் இந்த வேலை இன்னும் விரைவாக நடக்கும். கடற்கரைக்குக் கிட்ட இருக்கும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் அந்தப் படலம் எடுத்த எடுப்பில் கறுப்பாக வருவதில்லை. முதலில் இளம் மஞ்சள். பிறகு பொன் நிறம், செம்பழுப்பு, ஊதா, நீலம் என்று மாறி மாறிப் போய், கடைசியில்தான் சாம்பலும் கறுப்பும். படலத்துக்குள் சாயம் எதுவும் இல்லை. தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்த் துளியிலும் சவர்க்காரக் குமிழியிலும் வானவில் தெரிகிறதே, அதே காரணம்தான். படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியில் வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் சந்திக்கும்போது சில நிறங்கள் அழிந்து, சில நிறங்கள் எடுப்பாகத் தெரிகின்றன. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது.

இதில் ஒரு பொருத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். மெல்லிய படலங்களில் நிறங்கள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்று அளந்து எழுதியவர்களில் முதன்மையானவர் ஐசக் நியூட்டன். ஒளியைப் பற்றிய அவருடைய நூல் 1704 இல் வெளிவந்தது. அதே நியூட்டன் 1696 முதல் லண்டன் நாணயசாலையில் பொறுப்பில் இருந்தவர். பகலில் வெள்ளிக் காசைக் கண்காணித்தவரே, அந்தக் காசு கறுக்கும்போது ஏன் வானவில் காட்டுகிறது என்பதை விளங்கிக்கொள்ளும் வழியையும் திறந்து வைத்தார்.

சேகரிப்பாளர்கள் இந்த நிற மாற்றத்தை 'டோனிங்' என்று சொல்கிறார்கள். இது நல்லதா கெட்டதா என்பதில் காலத்துக்குக் காலம் அபிப்பிராயம் மாறியிருக்கிறது. பழைய ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் காசுகளை மரத் தட்டுகளில் வைத்தார்கள். மஹோகனி மரத்தை விரும்பினார்கள், ஓக் மரத்தைத் தவிர்த்தார்கள், ஏனென்றால் ஓக் விடும் அமில ஆவி காசைக் கெடுக்கும். அந்தத் தட்டுகளில் பத்து இருபது வருடம் இருந்து மெதுவாக வந்த நிறத்தை அவர்கள் ரசித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரசனை மாறியது. காசு புதிதுபோல வெள்ளையாக இருக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பழைய காசுகளை அமிலக் கரைசலில் முக்கி எடுத்தார்கள். பிறகு திரும்பவும் மாறியது. நல்ல இயற்கை நிறம் உள்ள காசுக்கு இன்று கூடுதல் விலை கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். இடைக்காலத்தில் முக்கி எடுத்த காசுகளுக்குத்தான் திரும்பிப் போக வழியில்லை.

சரி, காசின் தரத்தை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

முந்தி எல்லாம் 'நல்லது', 'மிக நல்லது', 'புழங்காதது' என்று வார்த்தையில்தான் சொன்னார்கள். விற்கிறவரின் 'மிக நல்லது' வாங்குகிறவருக்கு வெறும் 'நல்லது'. 1949 இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் பழைய அமெரிக்கச் செப்புச் சதங்களுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலைக் கொண்டு வந்தார். பிறகு எல்லாக் காசுக்கும் அதுவே அளவுகோலானது. 1986 இல் பி.சி.ஜி.எஸ்., 1987 இல் என்.ஜி.சி. என்று இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் தொடங்கின. இவர்கள் காசைப் பரிசோதித்து, புள்ளி போட்டு, பிளாஸ்டிக் பேழையில் முத்திரையிட்டுத் தருகிறார்கள். புழங்காத, பழுதில்லாத புறூஃப் காசுக்கு 60 இலிருந்து 70 வரை புள்ளி வரும். 70 என்றால் பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தாலும் குறை இல்லை என்று அர்த்தம்.

நிறம் மாறிய புறூஃப் ஒன்று மேசைக்கு வந்தால் பரிசோதகர் பார்க்கும் கேள்விகள் ஏறத்தாழ இவைதான்.

முதல் கேள்வி: இந்த நிறம் தானாக வந்ததா, வரவழைத்ததா? மெதுவாக வந்த படலத்தில் நிறங்கள் அந்த ஒழுங்கைக் காப்பாற்றும். ஓரத்தில் நீலம் என்றால் உள்ளே போகப் போக ஊதா, செம்பழுப்பு, பொன், பிறகு வெள்ளை என்று படிப்படியாக மங்கும். வெப்பம் கொடுத்தோ இரசாயனம் பூசியோ அவசரமாக வரவழைத்த நிறம் அந்தப் படிகளைத் தாண்டிப் பாயும். திட்டுத் திட்டாக இருக்கும். எழுத்துகளின் மேலும் பள்ளத்திலும் ஒரே மாதிரி வழிந்திருக்கும்.

இரண்டாவது கேள்வி: படலத்துக்கு அடியில் கண்ணாடி உயிரோடு இருக்கிறதா? புறூஃப் காசுக்கு இதுதான் தலையாய கேள்வி. சாதாரணக் காசில் நிறம் மட்டும் அழகாக இருந்தால் போதும். புறூஃபின் பெருமையே அதன் கண்ணாடித் தளம். மெல்லிய பொன் நிறமோ நீலமோ படர்ந்திருந்தாலும், வெளிச்சத்தில் சரித்துப் பார்க்கும்போது அந்தக் கண்ணாடி உள்ளிருந்து பளிச்சிட்டால் புள்ளி குறையாது. பார்வைக்கு மிக அழகாக இருந்தால் என்.ஜி.சி. நட்சத்திரக் குறி ஒன்றும் சேர்த்துக் கொடுக்கிறது. படலம் தடித்து, ஒளி உள்ளே போகாமல் சாம்பலாகிவிட்டால் புள்ளி இறங்கும்.

மூன்றாவது கேள்வி: உருவத்துக்கும் தளத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறதா? படலம் வெண்பனியை மறைத்துவிட்டால் 'கமியோ' என்ற குறி கிடைக்காது. ஒரே புள்ளி எடுத்த இரண்டு காசுகளில், அந்தக் குறி உள்ளதற்கும் இல்லாததற்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருக்கலாம்.

நான்காவது கேள்வி: இது இத்தோடு நிற்குமா, அல்லது காசை அரிக்கத் தொடங்கிவிட்டதா? படலம் ஒரு கட்டத்தைத் தாண்டினால் உலோகத்தையே குழி குழியாகத் தின்னும். அதற்குப் பிறகு அது நிறம் அல்ல, பழுது.

செப்புக் காசுக்கு வேறு கணக்கு. எங்கள் 1870 வருடத்துச் சதக் காசு புறூஃபாக இருந்தால், அடித்த நாளின் செந்நிறம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பி.சி.ஜி.எஸ். கணக்கில் 95 வீதத்துக்கு மேல் இருந்தால் 'சிவப்பு', 5 வீதத்துக்குக் கீழே என்றால் 'பழுப்பு', இடையில் உள்ளதெல்லாம் 'சிவப்பும் பழுப்பும்'. செம்பு மிக இலகுவில் நிறம் மாறும் என்பதால், அத்தனை வருடம் சிவப்பாகவே நின்ற காசு அபூர்வம். 1971 தொகுதியில் 5 சதம், 10 சதம் இரண்டும் நிக்கல் கலந்த பித்தளை. அவற்றில் புள்ளி புள்ளியாகப் பழுப்பு விழும். அதே பெட்டியில் இருக்கும் செப்பு நிக்கல் 50 சதமும் 1 ரூபாவும் அவ்வளவாக மாறாது. பெட்டியைத் திறக்கும்போது ஒரு காசு மட்டும் மங்கியிருப்பதைப் பார்த்து "இது போலிபோல" என்று பயப்படத் தேவையில்லை.

இனித் தேய்த்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. அதற்குள் இருக்கும் வெள்ளி, காசின் மேற்பரப்பிலிருந்தே வந்த வெள்ளி. கறுப்பைச் சுரண்டினால் அதோடு காசின் தோலும் போகிறது. கண்ணாடித் தளத்தின் ஆழம் மிகக் கொஞ்சம். பற்பசையும் துலக்கும் மருந்தும் நுண்ணிய மணல் மாதிரி. அவை தளத்தில் ஆயிரம் கீறல் போடும். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும். பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒரே திசையில் மயிர் மயிராகக் கோடுகள் ஓடும். தரப்படுத்தும் நிறுவனம் அப்படிப்பட்ட காசுக்கு 60 இலிருந்து 70 வரையான புள்ளி எதையும் கொடுக்காது. 'துலக்கப்பட்டது' என்று எழுதிப் பேழையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடும். அந்த எழுத்து அந்தக் காசோடு போகும் இடமெல்லாம் போகும்.

யூடியூபில் அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்டு வெள்ளியை வெளுக்க வைக்கும் வித்தை காட்டுகிறார்கள். கறுப்பு மறையும், உண்மைதான். சல்பைட்டு திரும்ப வெள்ளியாகிறது. ஆனால் அது கண்ணாடியாகத் திரும்புவதில்லை. மங்கிய, பஞ்சு போன்ற மேற்பரப்பாகத்தான் நிற்கும். கரண்டிக்குச் சரி, புறூஃப் காசுக்குச் சரியில்லை.

இது எங்கள் வீடுகளில் மட்டும் நடக்கும் அறியாமை என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். 1900 களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயசாலையிலேயே இது நடந்தது. அங்குள்ள அரசாங்கச் சேகரிப்பைப் பார்வையிட்ட ஃபாரன் செர்ப் என்ற நாணய ஆய்வாளர், புறூஃப் வெள்ளிக் காசுகள் பலவற்றின் மேல் வெள்ளைப் படிவு இருப்பதைக் கண்டு விசாரித்தார். காட்சி அறை பூட்டியிருந்த விடுமுறைக் காலத்தில், ஆர்வக்கோளாறு பிடித்த ஊழியர் ஒருவர் கடையில் உலோகம் துலக்கும் மருந்து வாங்கி வந்து மங்கிய காசுகளையெல்லாம் துலக்கிவிட்டதாகப் பதில் வந்தது. காசை அடித்த இடத்திலேயே, காசைக் காப்பதற்குச் சம்பளம் வாங்கியவர் கையாலேயே அது நடந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திலும் இதே கதை. தகப்பனார் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வெல்வெட் பெட்டியொன்றில் 1957 ஐந்து ரூபா ஒன்றை வைத்திருந்தார். அவர் மௌத்தான பிறகு, உம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டதால் மகன் அதை விற்க நினைத்தார். முதல் நாள் ராத்திரி நன்றாகத் துலக்கிவிட்டு என்னிடம் கொண்டு வந்து, "சேர், இப்ப பாருங்க, கண்ணாடி மாதிரி" என்றார். எழுத்துகளின் ஓரம் இன்னும் கூராக நின்றது. விளிம்பு சதுரமாக இருந்தது. அது புறூஃப்தான். ஆனால் தளம் முழுக்கக் கீறல். கடைசியில் வெள்ளி விலையை விடக் கொஞ்சம் கூடுதலாக ஒரு தொகைதான் கிடைத்தது. சத்திரசிகிச்சைக்கு மீதியைக் கடன் வாங்கினார். அந்தக் கறுப்பைச் சும்மா விட்டிருந்தால் கடன் தேவைப்பட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. துலக்கிய சாதாரணக் காசைப் 'புறூஃப்' என்று சொல்லி விற்பது. இன்னும் மோசமானது, வெப்பம் காட்டி நிறம் ஏற்றி 'இயற்கை டோனிங்' என்று விற்பது. மாணிக்கக் கல் வியாபாரம் தெரிந்த எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கெவுடக் கல்லைச் சுட்டால் நீலம் வரும். சுட்ட கல்லைச் சுட்ட கல் என்று சொல்லி விற்பது வியாபாரம். சுடாத கல் என்று சொல்லி விற்பது வேறு. காசிலும் அப்படித்தான். ஈரமான தானியத்தை அடியில் மறைத்து, காய்ந்ததை மேலே பரப்பி வைத்த வியாபாரியை எங்கள் நபி (ஸல்) அவர்கள் என்ன சொல்லிக் கண்டித்தார்கள் என்று மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். குறையைச் சொல்லி விற்றால் பணமும் வரும், பரக்கத்தும் வரும்.

வாங்கப் போகிறவர்கள் ஏமாறாமல் இருக்க ஓர் இலகுவான சோதனை. பத்திரிகை எழுத்துள்ள ஒரு துண்டைக் காசின் தளத்துக்குக் கிட்ட நிறுத்திப் பிடியுங்கள். உண்மையான புறூஃபில் எழுத்து தெளிவாகப் பிரதிபலிக்கும். துலக்கிய காசில் பளபளப்பு இருக்கும், எழுத்து கலங்கித் தெரியும். எழுத்துகளின் ஓரம் உருண்டிருந்தால், விளிம்பு மழுங்கியிருந்தால், அது எவ்வளவு மினுங்கினாலும் புறூஃப் அல்ல.

எங்கள் ஊர் நீதிமன்றங்களின் ஊர். சம்பவ இடத்தில் கை வைக்கக் கூடாது என்பது இங்குள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கறுத்த காசும் அந்த மாதிரித்தான். அது எங்கே இருந்தது, எதில் சுற்றியிருந்தது, யாரும் கை வைத்தார்களா என்பதற்கு அந்தப் படலம்தான் சாட்சி. கடதாசி உறையில் இருந்த காசு ஒரு மாதிரி நிறம் எடுக்கும். மரப்பெட்டியில் இருந்தது வேறு மாதிரி எடுக்கும். படலத்தை அழித்தவர் பளபளப்பைக் கூட்டவில்லை, சாட்சியை அழித்திருக்கிறார்.

ஆகவே வீட்டில் செய்ய வேண்டியவை:

1. கறுத்திருக்கிறது என்பதற்காக எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். புளி, தேசிக்காய், சாம்பல், பற்பசை, துலக்கும் மருந்து, சோடா எதுவும் வேண்டாம். துணியால் துடைக்கவும் வேண்டாம்.

2. காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். விரல் ரேகை புறூஃப் தளத்தில் பதிந்தால் சில மாதத்தில் நிரந்தரக் கறையாகிவிடும். இயற்கை நிறத்துக்குப் புள்ளி குறையாமல் போகலாம். விரல் ரேகைக்குக் கட்டாயம் குறையும்.

3. மெதுமையான, மணக்கும் பிளாஸ்டிக் உறைகளில் வைக்காதீர்கள். அவை பெரும்பாலும் பி.வி.சி. காலப்போக்கில் அதிலிருந்து பச்சை நிறப் பசை கசிந்து காசை அரிக்கும். அப்படிப் பச்சை கண்டால் உடனே வேறாக்கி வைத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

4. றப்பர் பட்டி, பத்திரிகைக் கடதாசி, பூச்சி உருண்டை போட்ட அலுமாரி, குசினிக்குக் கிட்ட உள்ள தட்டு, இவையெல்லாம் வேண்டாம். இறுக்கமாக மூடும் கடினமான நாணயக் கூடு, அதோடு ஒரு சிலிக்கா ஜெல் பை போதும். சிலிக்கா ஜெல்லை இடைக்கிடை மாற்றுங்கள்.

5. பெட்டி, சான்றிதழ், பழைய உறை எதையும் வீசாதீர்கள். காசு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவையும் சாட்சி.

6. விற்பதென்றால், நிறுத்து விலை கேட்பதற்கு முன் நாணயம் தெரிந்த இரண்டு பேரிடமாவது தனித்தனியாகக் காட்டுங்கள். கறுப்போடு காட்டுங்கள்.

இன்னொரு விசயம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் கோட்டை சதாம் வீதியில் உள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்குப் போய் வாருங்கள். எங்கள் நாட்டின் காசுகளை வரிசையாகப் பார்க்கலாம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒல்லாந்தர் காலம், ஆங்கிலேயர் காலம் என்று பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்வதை விட, ஒரு காசின் மேல் உள்ள மன்னரின் தலையையும் யானையையும் பார்ப்பது மனதில் நிற்கும். ஆழமாகப் படிக்க விரும்புபவர்களுக்கு, எச். டபிள்யூ. கொட்ரிங்டன் 1924 இல் எழுதிய இலங்கை நாணயங்கள் பற்றிய ஆங்கில நூல் இன்றும் அடிப்படை நூல்.

இந்தப் பதிவை வாசித்து முடித்தவர்கள் உங்கள் உம்மாவிடமோ உம்மும்மாவிடமோ ஒரு தடவை கேளுங்கள், பழைய காசு ஏதாவது இருக்கிறதா என்று. இருந்தால் படம் எடுத்து கொமென்டில் போடுங்கள், எந்த வருடம், என்ன உலோகம் என்று என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். படம் எடுக்கும்போது மின்குமிழின் கீழ் கொஞ்சம் சரித்துப் பிடியுங்கள், அப்போதுதான் தளம் தெரியும். விற்க இருக்கும் ஆட்கள் உங்கள் வட்டத்தில் இருந்தால் இன்றைக்கே இதை அவர்களுக்குப் பகிருங்கள். நாளைக்கு என்றால் அதற்குள் தேய்த்துவிடுவார்கள்.

வஸ்ஸலாம்.